கவாத்து விறகு

ஆவணி, வெள்ளிக்கிழமை

பதினேழாம் நம்பர் தேயிலைக் காட்டில் செடிகளைக் கவாத்து வெட்டிப் போட்ட விறகை எடுக்க இன்று போனேன். அந்த விறகு லயத்து வீடுகளில் இருக்கிற தொழிலாளிகளுக்குத்தான், எப்போதும் அப்படித்தான். சூப்பர்வைசர் மறித்தார். ஃபேக்டரி பாய்லரில் இனிமேல் நிலக்கரி போடமாட்டார்களாம், காற்று கெடாது, ஊருக்கு நல்லது என்று இந்த விறகைத்தான் எரிப்பார்களாம்.

"அப்ப நாங்க எதுல சார் சோறு பொங்குறது?"

"கரண்ட் அடுப்பு தருவாங்க, மேரி."

"எங்க லயத்துல பல்பே மினுக்கு மினுக்குன்னு எரியுது. அதுல ஒல கொதிக்குமா? மொதல்ல கரண்ட சரி பண்ணி அடுப்பக் குடுங்க. பெறகு நானே வெறகச் சொமந்து வந்து ஒங்க பாய்லர்ல போடுறேன்."

பின்னால் நின்ற பெண்கள் சிரித்துவிட்டார்கள். ரிப்போர்ட் எழுதுவேன் என்றார் சூப்பர்வைசர். எழுதுங்க என்று சொல்லிவிட்டுக் கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தேன்.

அந்தக் காட்டைச் சித்திரையில் கவாத்து வெட்டியது என் வீட்டுக்காரர். ஆனியில் அவர் இறந்துபோனார். சூப்பர்வைசரிடம் அதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அழுதிருப்பேன், அழுதிருந்தால் விறகை இறக்கி வைத்திருப்பேன்.

நாளைக்கு இரண்டு கட்டு எடுக்க வேண்டும்.