சம்பந்தி விருந்துக்கு நீங்கள் வர வேண்டாம்

துவான்,

விருந்துக்கு நான் மட்டும் போகிறேன். நீங்கள் ஷாங்காய் போயிருப்பதாகச் சம்பந்தியிடம் சொல்லிவிட்டேன்.

அடுப்பில் நூடுல்ஸ் இருக்கிறது. சர்க்கரை மாத்திரையை முதல் வாயோடு மென்றுவிடுங்கள். மாவுச்சத்தைச் செரிக்கும் நொதியை அது தடுக்கும் என்றுதான் டாக்டர் சொன்னார். அந்தத் தைரியத்தில் மூன்று கிண்ணம் தின்னச் சொல்லவில்லை. செரிக்காத மாவு குடலில் புளித்து வாயுவானதில், அவர்கள் பெண் கேட்டு வந்த அன்று நீங்கள் போட்ட வெடிக்கு, மாப்பிள்ளையின் அம்மா ஜன்னலைத் திறக்கச் சொன்னார்.

விருந்து முடிந்து அவர்கள் இங்கே தேநீர் குடிக்க வருவார்கள். படுக்கையறையில் சத்தமில்லாமல் இருங்கள். வாசலில் கிடக்கும் செருப்பையும் உள்ளே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஷியூச்சின்

மறந்துவிட்டேன். "என் பொண்ணுக்கும் எனக்கும் நடுவுல நீ யாருடி?" என்று காலையில் கத்தினீர்களே! "அப்பா வேண்டாம்மா, மானம் போயிடும்" என்று என்னிடம் கெஞ்சியதே உங்கள் பெண் யூன்ஷூதான்.