வழியனுப்ப வந்தவர்கள் எங்கே நிற்பது

செவ்வாய்க்கிழமை இரவு, திண்டுக்கல்.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். தம்பி மகள் கயல் சென்னையில் கட்டடங்களுக்கு வரைபடம் போடுகிறவள். லீவுக்கு வந்த இடத்தில், ஒரு விமான நிலையத்துக்குத் தான் வரைந்ததைக் காட்டினாள். வாசல் முழுக்க ஒரே கண்ணாடி.

"ஏத்தா, நம்ம சனத்துல ஒருத்தர் பறக்கப் போனா வேன் நெறைய வழியனுப்பப் போவோம். அம்புட்டுப் பேரும் எங்க நின்னு அழுகுறது?" என்றேன். வீடே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

சாயங்காலம் வந்து, "பெரியப்பா, வாசப் பக்கத்த மாத்தி வரையுறேன். நாளைக்கு இங்கருந்தே கம்ப்யூட்டர்ல மேனேஜர்கிட்ட காட்டணும். திட்டுனாலும் திட்டட்டும்" என்றாள்.

எனக்குத் தோசை இறங்கவில்லை. விமானத்தில் கால் வைத்தறியாத ஒரு வாயாடியின் பேச்சைக் கேட்டுப் பிள்ளைக்கு வேலை போனால், தம்பி முகத்தில் எப்படி முழிப்பேன்?

'விளையாட்டுக்குச் சொன்னேன், பழையதையே காட்டு' என்று சொல்லத்தான் எழுந்து போனேன். அவள் வரைந்துகொண்டிருந்த வாசலைப் பார்த்ததும் சொல்லாமலே திரும்பிவிட்டேன். மகன் குவைத்துக்குப் போன அன்று, காவலர் விரட்ட விரட்டக் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு நின்றேன். உள்ளே போனவன் திரும்பிப் பார்த்தானா என்று இன்றுவரை தெரியாது. கண்ணாடியில் என் மூஞ்சிதான் தெரிந்தது.