ஈரக் கடலை ஓடு

மார்ச் 3

அடி வாயாடி,

அப்பா சொல்லச் சொல்ல, பக்கத்துக் கடைத் தையற்காரர் எழுதுவது. போனில் பேசினால் நீ கத்துகிறாய், நான் வைத்துவிடுகிறேன். காகிதத்துக்குச் சத்தம் கிடையாது.

நான் அனுப்புகிற கடலை ஓட்டை அரைத்துப் பழைய பிளாஸ்டிக்கோடு உருக்கினால் பலகை கொப்புளம் கொப்புளமாக வீங்குகிறது, குவியலுக்குத் தண்ணீர் தெளிக்கிறீர்களா என்று கேட்டாய். ஆமாம், தெளிக்கிறேன். தினமும் சாயங்காலம். இனியும் தெளிப்பேன். உன் தொழிலுக்காக, கடலை உடைக்கிற என் களத்துக்குத் தீயை வா வா என்று கூப்பிட முடியாது.

நேரத்துக்குச் சாப்பிடு.

அப்பா

(கைநாட்டு வைத்த மையை என் புதுத் துணியில் துடைத்துவிட்டார். – தையற்காரர்)

மார்ச் 10

அன்புள்ள அப்பா,

தையற்காரர் மாமா, இதை நிறுத்தி நிதானமாகப் படித்துக் காட்டுங்கள். நடுவில் எழுந்தால் கையைப் பிடித்து உட்காரவையுங்கள்.

அடுத்த மாதம் சோதனைக்கூடத்தில் எங்கள் பலகைக்கு நெருப்பு வைத்துப் பார்ப்பார்கள். தேறினால் பிள்ளைகள் விடுதிக்குத் தடுப்புச் சுவர் எங்களுடையது. தவறினால் பட்டறையைப் பூட்ட வேண்டியதுதான். ஓட்டில் ஈரம் இருந்தால் ஆவியாகிக் குமிழி விடும். அந்த இடத்தில் பலகை உடையும், தீயும் அந்த வழியாகத்தான் நுழையும். எங்கள் உலர்த்தும் அறை சின்னது, உங்கள் தண்ணீரோடு அதால் மல்லுக்கட்ட முடியவில்லை.

"உங்கப்பா நமக்கு ஓடு அனுப்புறாரா, ஆப்பு வைக்கிறாரா?" என்கிறான் கூட்டாளி. வேறு இடத்தில் வாங்கச் சொல்கிறான். என்ன சொல்லட்டும்?

வாயாடி

மார்ச் 16

வாயாடிக்கு,

வேறு இடத்தில் வாங்கிக்கொள்.

நீ தவழ்கிற பிள்ளை, உனக்கு ஞாபகம் இருக்காது. எனக்கு இம்மி பிசகாமல் இருக்கிறது. ஓடு ஏற்ற வந்த லாரியின் புகைக்குழாயிலிருந்து பறந்த பொறி. காய்ந்த குவியல், குப்பென்று பிடித்தது. கொட்டகைக்குள் நீ தூங்கிக்கொண்டிருந்தாய். "நீங்க குழாயைத் திறங்க, நான் பிள்ளையத் தூக்கிட்டு வர்றேன்" என்று பச்சைப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடினாள் உங்கம்மா. ஜன்னல் வழியாக உன்னை என் கையில் கொடுத்தாள். கூரையில் போட்டிருந்த பிளாஸ்டிக் தகடு எரிந்து, சொட்டுச் சொட்டாக அவள்மேல் விழுந்தது. குழாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது.

அன்றைக்கு வராத தண்ணீரைத்தான் தினமும் தெளிக்கிறேன்.

அந்தப் பிளாஸ்டிக்கைச் சுவராக்கி ஊரான் பிள்ளைகளைப் பக்கத்தில் படுக்கவைக்கப்போகிறாய். அதற்கு என் ஓடு வேண்டாம்.

அப்பா

மார்ச் 22

அப்பா,

அம்மா தீயில் போனாள் என்றுதான் தெரியும். சொட்டியதை யாரும் எனக்குச் சொன்னதில்லை.

உங்கள் ஓட்டையே ஒரு மூட்டை எடுத்து, மொட்டை மாடியில் பரப்பி, நானே காயவைத்து வார்த்த பலகைகளை அனுப்பியிருக்கிறேன். குவியலுக்கும் நீங்கள் படுக்கும் அறைக்கும் நடுவில் நிறுத்திக்கொள்ளுங்கள். காய்ந்த ஓட்டுத்தூளும் நாங்கள் கலக்கும் தீத்தடுப்புப் பொடியும் பிளாஸ்டிக்கைச் சொட்டவிடாது. என் பேச்சை நம்ப வேண்டாம். ஒரு துண்டு அறுத்துக் கொளுத்திப் பாருங்கள். ஒரே ஒரு சொட்டு விழுந்தாலும் பட்டறையைப் பூட்டிவிட்டு வந்து, உங்களோடு நானும் தண்ணீர் தெளிக்கிறேன்.

உங்கள் மகள்

மார்ச் 29

என் கண்ணு,

பலகை வந்தது. துண்டை இடுக்கியில் பிடித்து அடுப்பில் காட்டினேன். தையற்காரர் வாளியோடு நின்றார். பாதித் தண்ணீரைத் தன் காலிலேயே கொட்டிக்கொண்டார். (பொய். – தையற்காரர்) கறுத்தது, மேலே கரி ஏடு கட்டியது. வெளியே எடுத்ததும் தானே அணைந்துபோனது. குனிந்து தரையைத் தடவிப் பார்த்தேன். கையில் ஒன்றும் ஒட்டவில்லை.

சாயங்காலம் கால் தானாகக் குழாயடிக்குப் போனது. கையையும் வைத்துவிட்டேன். திறக்கவில்லை. நீ சொன்ன இடத்தில் நிறுத்திய பலகைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து குவியலையே பார்த்துக்கொண்டிருந்தேன், இருட்டுகிற வரைக்கும். மறுநாளும் அப்படியே.

இப்போது ஓடு கையில் நொறுங்குகிறது. வண்டி அனுப்பு. ஆனால் லாரி களத்துக்குள் வரக்கூடாது, தெருமுனையிலேயே நிற்கட்டும். மூட்டையை நான் சுமந்து வந்து ஏற்றுகிறேன்.

அப்பா