மின்சாரம் செய்யாத வேலை

நீங்கள் ஒரு பொய்யை விட்டுவிட்டுச் செத்துப்போனீர்கள், அண்ணை. இன்று காலை நம் ஆய்வகத்தில் செல் வளர்க்கும் அறையில் கையில் ஸ்பிரிட் தெளித்தபோது அந்த மணத்தோடு நீங்களும் வந்து நின்றீர்கள். வரவேற்க எனக்கு மனமில்லை.

மாரடைப்பில் நீங்கள் போன பிறகு லண்டன் லூயிஷாமில் ஒரு மண்டபத்தில் அஞ்சலி வைத்தார்கள். "எங்கட பெடியன், மூளையைப் பற்றிப் பெரிய விசயம் கண்டுபிடிச்சவன்" என்று ஒரு மாமா மைக்கில் அழுதார். என்ன கண்டுபிடித்தீர்கள் என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். வளர்ந்துவரும் நரம்புச் செல்களை மின்துடிப்பால் தூண்டினால் அவை ஒரு புரதத்தைக் கூடுதலாக உண்டாக்கும் என்றீர்கள். ஆனால் தூண்டும் தட்டுகளுக்கு மட்டும் முதலில் புது மீடியம், செல்களுக்கு உணவாகும் திரவம், ஊற்றினீர்கள். மற்றவை பழைய மீடியத்திலேயே கிடந்தன. நான் மின்சாரமே கொடுக்காமல் மீடியத்தை மட்டும் மாற்றிப் பார்த்தேன். புரதம் அதே அளவு கூடியது.

முடிவைக் காட்டியபோது சிரித்தீர்கள். "தங்கச்சி, நீர் முதல்ல உம்மட செல்லுகளைச் சாகாமல் பாரும்."

பிறகு ஒரு பின்னேரம், ரயிலுக்குக் காத்து நின்றபோது, நான் கேட்காமலே சொன்னீர்கள்.

"ஓம், எனக்குத் தெரியும். கொன்ட்ராக்ட் முடியப்போகுது. இந்தக் கட்டுரை வராட்டி வேலை இல்லை. பிள்ளையளோட நான் எங்க போறது?"

படித்த மனிதர்களை இப்படி ஒப்பந்தத்தில் தொங்கவிடும் இந்த இடத்தின் மீதும் எனக்குக் கோபம்தான். நம் ஆய்வகத்தை நடத்தும் பேராசிரியருக்கு வீடும் பெயரும் நிலைத்திருக்க, நீங்கள் பயத்தில் சாக வேண்டியிருந்தது. அதற்காக நீங்கள் நல்லவராகிவிட மாட்டீர்கள். உங்கள் பயத்தை இன்னொருத்தியின் தலையில் இறக்கிவிட்டுப் போனீர்கள்.

அவள் வட லண்டன் எட்மண்டனில் வளர்ந்த பிள்ளை. இந்த வருடம் ஆய்வுக்குச் சேர்ந்தாள். உங்கள் முடிவின் மேல்தான் அவளுடைய முழு ஆய்வும் நிற்கிறது. ஒழுங்கான பிள்ளை என்பதால் எல்லாத் தட்டுகளுக்கும் ஒரே மாதிரி மீடியம் மாற்றுகிறாள். அதனால் வித்தியாசமே வருவதில்லை.

"அந்த அண்ணைக்கு வந்தது, எனக்கு வரேல்லை. என்ர கைதான் சரியில்லை அக்கா."

வெள்ளிக்கிழமை படிப்பை விடப்போகிறாளாம். அவளுடைய அம்மா சூப்பர்மார்க்கெட்டில் இரண்டு ஷிப்ட் நின்று படிப்பித்த பிள்ளை.

பேராசிரியரிடம் போனேன். இறந்தவர் விஷயத்தைக் கிளறாதே என்றார். உங்கள் கட்டுரையில் பேராசிரியரின் பெயரும் இருக்கிறது. கடைசியில் அவளிடமே நடந்ததைச் சொன்னேன், என் முடிவுகளை மேசையில் பரப்பினேன். அவள் அவற்றைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"செத்த மனுசனைப் பற்றி இப்பிடிக் கதைக்காதேங்கோ அக்கா. அவர் வந்து பதில் சொல்ல ஏலாது எண்டுதானே சொல்லுறியள்?"

என்னை அவள் நம்பப்போவதில்லை. உங்களைத்தான் நம்புகிறாள். அவள் கையில் ஒரு பிழையும் இல்லை என்று நீங்களே சொல்லுங்கோ, அண்ணை. வெள்ளிக்கிழமைக்கு முன்னம் சொல்லுங்கோ.