அந்த எண்ணின் உரிமையாளர்

மார்ச் 3, செவ்வாய்

லென்ஸ் தேய்க்கும் இயந்திரம் காலையிலிருந்தே முனகிக்கொண்டிருந்தது. மெக்கானிக்கைக் கூப்பிடச் சொன்னால், "நீங்க கொஞ்சம் மெதுவா தேய்ங்க, அதுவே சரியாயிடும்" என்கிறார் முதலாளி. ஊருக்கெல்லாம் கண்ணாடி விற்கிறவருக்கு இந்த இயந்திரத்தின் நிலைமை மட்டும் கண்ணுக்குத் தெரியவில்லை.

மதியம் சாப்பாட்டு நேரத்தில் செல்போன் கடைக்கு ஓடி, தங்கச்சியின் சின்ன போனுக்கு ரீசார்ஜ் போட்டேன். இன்றோடு வேலிடிட்டி முடிகிறது, அப்புறம் நான் கூப்பிட்டாலும் மணி அடிக்காது என்று போன வாரமே சொல்லியிருந்தாள். பெரிய போனை அவள் புருஷன் பிடுங்கி வைத்துக்கொண்ட பிறகு, எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இந்தப் பட்டன் போன் ஒன்றுதான். அது இருப்பதே அவனுக்குத் தெரியாது. அவன் வேலைக்குக் கிளம்பியதும் எடுத்துப் பேசுவாள், பேசி முடித்துப் பழைய துணிக்குள் செருகிவிடுவாள்.

"போயிருச்சுக்கா" என்றார் கடைக்காரர். வழக்கமாக ரீசார்ஜ் ஏறியதும் ஒரு மிஸ்டு கால் கொடுப்பாள். இன்று கொடுக்கவில்லை.

மார்ச் 4, புதன்

காலையில் நானே கூப்பிட்டேன். இந்த எண்ணின் சேவை தற்காலிகமாக நிறுத்தப்பட்டுள்ளது என்று ஒரு பெண் குரல். அதைவிட இனிமையாக யாரும் கதவைச் சாத்த முடியாது.

கடைக்காரர் தன் போனைத் திருப்பிக் காட்டினார். பச்சை எழுத்தில் 'வெற்றி' என்று இருந்தது.

"என் பக்கம் போயிருச்சுக்கா. அங்க ஏறலன்னா கம்பெனிதான் பொறுப்பு. நான் என்ன பண்றது?"

"சரி, இன்னொரு தடவை போடுங்க."

போட்டார். ஏறவில்லை. பழைய கோரிக்கை பாதியில் நிற்கிறதாம், அது ஒரு முடிவுக்கு வரும்வரை அந்த எண்ணுக்கு வேறெதுவும் ஏறாதாம். பணம் போனால் போகட்டும். அவள் கூப்பிட நினைத்தாலும் கூப்பிட முடியாதே!

வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "ரெண்டு நாள் பேசலன்னா என்ன ஆயிடும்? அவன் போனுக்கே அடிச்சுப் பாரேன்" என்றார். அவன் போனுக்கு அடித்தால் அவன்தானே எடுப்பான்?

மார்ச் 5, வியாழன்

இன்று முழுக்கக் கம்பெனிக்காரர்களோடு மல்லுக்கட்டினேன். கடையில் போட்ட ரீசார்ஜ் என்றால் கடைக்காரர்தான் கேட்க வேண்டும் என்றார்கள். கடைக்காரரோ, வாடிக்கையாளர் கேட்டால்தான் நடக்கும் என்கிறார். ஆளாளுக்குப் பந்தை உதைத்து விளையாடுகிறார்கள்.

கடைசியில் ஒரு பெண் கிடைத்தாள். பொறுமையாகக் கேட்டாள்.

"நம்பர் உங்க பேர்ல இருக்கா மேடம்?"

"இல்லம்மா. என் தங்கச்சி வச்சிருக்கா. எனக்கு அவகிட்ட பேசியே ஆகணும்."

"அப்ப உரிமையாளர்கிட்ட உறுதி பண்ணிட்டு சரி பண்ணிடறோம். அந்த நம்பருக்குப் போகலன்னா, பதிவுல கொடுத்திருக்கிற மாற்று எண்ணுக்குப் பேசுவாங்க. சம்மதமா?"

சம்மதம் என்றேன். ரொம்ப நன்றிம்மா என்றுகூடச் சொன்னேன். கேட்க ஆள் இருக்கிறது என்று மனம் கொஞ்சம் லேசானது.

மார்ச் 6, வெள்ளி

இன்றும் அவளிடமிருந்து அழைப்பு இல்லை. ஒரு லென்ஸை அளவு மாற்றித் தேய்த்துப் பாழாக்கினேன்.

மார்ச் 7, சனி

எழுதினால் நிதானம் வரும் என்று எழுதுகிறேன்.

கடையில் இருக்கும்போது கம்பெனியிலிருந்து கூப்பிட்டார்கள். "உங்க புகாரை முடிச்சு வைக்கிறோம் மேடம். உரிமையாளர்கிட்ட பேசிட்டோம். அவருக்கு ரீசார்ஜ் வேண்டாமாம், நம்பரையே மூடச் சொல்லிட்டாரு."

"அவரா? அது பொம்பளை வச்சிருக்கிற போனுங்க."

"சார்தான் மேடம் பேசினாரு. யார் புகார் கொடுத்ததுன்னு கேட்டாரு, அவருக்கே தெரியாம இருந்திருக்கு."

அப்போதுதான் உறைத்தது. அந்த சிம்மை அவள் கடையில் வாங்கவில்லை. அலமாரியில் பழசு ஒன்று கிடந்தது, எடுத்துப் போட்டுக்கொண்டேன் என்று எப்போதோ சொல்லியிருக்கிறாள். அவன் பெயரில் வாங்கிய சிம். மாற்று எண்ணும் அவனுடையதுதான். நான் சம்மதம் சொல்லி, நன்றியும் சொல்லி, அவனுக்கே ஆள் அனுப்பியிருக்கிறேன்.

கொஞ்ச நேரத்தில் அவனே கூப்பிட்டான். கத்துவான் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"என்ன அண்ணி, நல்லா இருக்கீங்களா? எங்க வீட்டு போனுக்கு நீங்க ஏன் காசு கட்டணும்? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே கட்டியிருப்பேனே."

"அவகிட்ட குடுங்க."

"தூங்குறா."

பட்டப்பகல். பிறந்ததிலிருந்து அவள் பகலில் தூங்கி நான் பார்த்ததில்லை.

"எழுப்புங்க."

"பாவம் அண்ணி, தூங்கட்டும்." வைத்துவிட்டான்.

இவரிடம் சொன்னபோது இந்த முறை ஒன்றும் சமாதானம் சொல்லவில்லை. "காலையில முதல் பஸ்ஸைப் பிடிப்போம்" என்றார்.

காலைவரை எப்படி— ஐயோ, என்ன பண்ணியிருக்கேன் நான்!

மார்ச் 9, திங்கள்

நேற்று எழுத முடியவில்லை.

நாங்கள் போனபோது, அவள் இருக்கும் மாடி வீட்டின் கதவில் வெளியே பூட்டுத் தொங்கியது. தட்டினேன், பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். சத்தமில்லை. கீழ் வீட்டில் இருக்கும் ஓனர் அம்மா படியேறி வந்தார்.

"ரெண்டு பேரும் ஊருக்குப் போறோம்னு நேத்து சொல்லிட்டுப் போனாரே?"

"ரெண்டு பேரும் போனதைப் பார்த்தீங்களா?"

அந்த அம்மா யோசித்தார். "அவர் மட்டும்தான் பையோட இறங்கினாரு." பிறகு, குரலைத் தாழ்த்தி, "ஆனா குழாயில தண்ணி போற சத்தம் கேக்குதும்மா. சரியா மூடாமப் போயிட்டாங்கன்னு நினைச்சேன்."

இவர் என்னை அங்கேயே நிறுத்திவிட்டுத் தெருமுனை வெல்டிங் பட்டறைக்கு ஓடினார். ஓனர் அம்மா சரி என்றதும் பட்டறைக்காரர் பூட்டை அறுத்தார். பொறி பறந்தது. இவர்தான் முதலில் போனார்.

"உயிரோட இருக்கா, வா!"

குளியலறைத் தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வலது கை முழங்கைக்குக் கீழே வீங்கிக் கறுத்திருந்தது. அதைக் குழாய்த் தண்ணீரில் காட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து அழவில்லை. "அவருக்கு எப்படிக்கா தெரிஞ்சுது? நான் ரொம்ப ஜாக்கிரதையாத்தான் இருந்தேன்" என்றாள்.

நான் அவளைத் தூக்கினேன்.

ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு. அங்கிருந்தே போலீஸுக்கும் சொல்லியாயிற்று. பிறகு அவளை எங்கள் வீட்டுக்கே கூட்டி வந்தோம்.

மார்ச் 11, புதன்

அவனைப் பிடித்துவிட்டார்கள். தங்கச்சி கேட்டுவிட்டுத் தலையாட்டினாள், அவ்வளவுதான். சாப்பிடுகிறாள், நடக்கிறாள். யாராவது படியேறினால் மட்டும் மூச்சை நிறுத்திக்கொண்டு கேட்கிறாள்.

அவனுக்கு எப்படித் தெரிந்தது என்பதை நான் இன்னும் சொல்லவில்லை.

மார்ச் 14, சனி

சொல்லிவிட்டேன். இடது கையால் துணி மடித்துக்கொண்டிருந்தாள். கடைக்காரர் காட்டிய பச்சை எழுத்து, கம்பெனிப் பெண் கேட்டது, நான் சம்மதம் சொன்னது, எல்லாவற்றையும் குறுக்கிடாமல் கேட்டாள்.

"கடைக்காரர் அனுப்பிட்டாரு. கம்பெனி உரிமையாளரைக் கேட்டுச்சு. நீ புகார் கொடுத்தே. எல்லாருமே சரியாத்தான் செஞ்சிருக்கீங்க" என்றாள்.

கோபமா, கிண்டலா? குரலில் ஒன்றுமே இல்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

"திட்டுடி" என்றேன்.

"கையை உடைச்சவனை விட்டுட்டு உன்னை எதுக்குத் திட்டணும்?" மடித்த துணியை என் மடியில் வைத்தாள். "ஆனா இனிமே என்னைக் கேக்காம எனக்காக எதுவும் பண்ணாதேக்கா. நல்லதுன்னாலும் கேளு."

மார்ச் 19, வியாழன்

அவன் ஜாமீனில் வந்துவிட்டானாம். இவர் வாசல் கதவுக்கு இன்னொரு தாழ்ப்பாள் போட்டார். சாயங்காலம் எதிர்ச் சாரியில் ஒருவன் நின்றிருந்தான். முகம் தெரியவில்லை. நான் ஜன்னலுக்குப் போவதற்குள் நகர்ந்துவிட்டான். யாராகவோ இருக்கலாம். அவளிடம் சொல்வதா வேண்டாமா என்று யோசித்தேன். சொன்னேன். "நானும் பார்த்தேன்" என்றாள்.

மார்ச் 24, செவ்வாய்

கட்டுக் கையோடு அவளே கிளம்பினாள். அவள் பெயரில் புது சிம் வேண்டுமாம். நான் கூட வரட்டுமா என்று கேட்டேன். வா என்றாள்.

செல்போன் கடைக்காரர் அவள் கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எதையும் கேட்காமல் விவரங்களைத் தட்ட ஆரம்பித்தார். முகவரி கேட்டார். அவள் எங்கள் வீட்டு முகவரியைச் சொன்னாள், கதவு எண்ணோடு.

"இது தற்காலிக முகவரியா, நிரந்தரமா?"

நான் வாயைத் திறக்கவில்லை.

"நிரந்தரம்" என்றாள்.