முப்பத்தெட்டு சென்ரிமீற்றர் தெளிவு

ஆகஸ்ட் 20, புதன்

மூன்று நாளாக உடுப்பு காயவில்லை. ஈரச் சேலையோடுதான் பள்ளிக்கூடம் போனேன். இரண்டாம் பாடம் நடந்துகொண்டிருக்கும்போது அதிபர் கொன்ஸ்ரன்ஸ் மிஸ் வகுப்புக்குள்ளேயே ஓடி வந்தார். மூச்சு வாங்குகிறது. "ரூபிகா, கடைசி மூண்டு பேருக்குள்ள நீங்களும்!" தரம் ஒன்பது முழுக்க மேசையில் தட்டிச் சத்தம் போட்டது. நான் சோக்கட்டியைக் கீழே போட்டுவிட்டேன்.

சூழல் கல்வியில் சிறந்த வேலை செய்த ஆசிரியருக்கு ஓர் அறக்கட்டளை கொடுக்கிற விருது. யூலை கடைசியில் கோப்பு அனுப்பியிருந்தேன். ஒவ்வொரு புதனும் என்ர முப்பத்தொரு பிள்ளைகளும் வெள்ளவத்தைக் கால்வாய் கடலில் விழுகிற இடத்துக்குப் போய்த் தண்ணீர் அள்ளி, அடியில் கறுப்பு வெள்ளைத் தட்டு ஒட்டிய நீளக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி, எத்தனை சென்ரிமீற்றர் வரைக்கும் தட்டு தெரிகிறது என்று அளப்பார்கள். ஏப்ரலில் பதினான்கு, யூலையில் முப்பத்தெட்டு. இடையில் மே மாதம் கால்வாய் ஓரத்து வீடு, கடை எல்லாம் ஏறி இறங்கி, பொரித்த எண்ணெயையும் கழிவையும் கால்வாய்க்கு ஓடுகிற கானில் ஊற்ற வேண்டாமென்று தமிழிலும் சிங்களத்திலும் சொன்னார்கள். கோப்பில் மாதச் சராசரியைப் போட்டு ஒரு வரைபடம். படிப்படியாக ஏறும் கோடு. 'பிள்ளைகள் தெளிய வைத்த கால்வாய்' என்று தலைப்பு. நான் போட்டதுதான்.

பதினெட்டு வருடம் படிப்பித்திருக்கிறேன். ஒருத்தரும் ஒரு நாளும் "நல்லாச் செய்தீர்" என்று சொன்னதில்லை. இந்த விருது எனக்கு வேண்டும். இங்கேயாவது உள்ளதை எழுதுவோம்.

ஆகஸ்ட் 21, வியாழன்

இவர் சோறு போட்டுக்கொண்டே, "இனி உம்மை மேடம் எண்டுதான் கூப்பிட வேணும் போல" என்றார். கலியாணம் கட்டின நாளிலிருந்து சயந்தனுக்கு எல்லாம் பகிடி. எனக்கு உள்ளுக்குள் பிடித்திருந்தது.

ஆகஸ்ட் 27, புதன்

நடுவர்கள் செப்டம்பர் பன்னிரண்டு வருகிறார்களாம். கால்வாயடியில் பிள்ளைகள் எழுதிய முதல் கொப்பியையும் பார்க்க வேண்டுமாம். அது கால்வாயடியில் குறிப்பெழுதுகிற பிள்ளை பர்ஹாவிடம் இருந்தது. மழையில் ஊறி, மூலை மடிந்து, ஒரு கோலம். கோப்புக்கு நாங்கள் அனுப்பியது ஃபெயார் கொப்பி. வகுப்பில் வடிவாக எழுதுகிற இரண்டு பிள்ளைகளைக் கொண்டு எண்களை மட்டும் பார்த்தெழுத வைத்தேன். 'வேறு குறிப்பு' என்ற நிரலை விடச் சொன்னேன். "ஒரு நாய் நீந்தினது", "ரிஸ்கான்ட செருப்பு விழுந்தது" என்றெல்லாம் எழுதி வைத்திருந்தால் எப்படி அனுப்புவது?

மே 14: பதினைந்து சென்ரிமீற்றர்.

மே 21: முப்பத்தாறு. பக்கத்தில் பர்ஹாவின் கோணல் எழுத்து — "நேத்து பெக்கோ மெசின் வந்து கடலடி மணல வெட்டினது. தண்ணி உப்பு மணம்."

பிள்ளைகள் வீடு வீடாகப் போகத் தொடங்கியது மே 24.

மே 24! மூன்று நாள் கழித்து. அவர்கள் ஒரு கதவைத் தட்ட முதலே தண்ணீர் தெளிந்துவிட்டது. மாதச் சராசரி போட்டதால் அந்தத் தாவல் தெரியாமல் போய்விட்டது.

"மிஸ், நான் எழுதித்தானே ஈந்தேன். ஃபெயார் கொப்பிக்கு அது வாணாண்டு நீங்கதானே சொன்ன" என்றாள் பர்ஹா. குற்றம் சொல்கிற குரல் இல்லை. சும்மா சொன்னாள்.

அந்தப் பக்கத்தின் அடியில் என்னுடைய சிவப்பு மைச் சரி அடையாளம் இருக்கிறது. திகதியோடு. வாசித்தேனா? வாசித்துவிட்டு மறந்தேனா? வாசிக்காமலே போட்டேனா? சத்தியமாக ஞாபகம் இல்லை.

ஆகஸ்ட் 30, சனி

காலமை கால்வாய் வாய்க்குப் போனேன். ரெயில் பாதைக்கு அருகே தூண்டில் போடுகிற பிறெடி இருந்தார். முப்பது வருடமாக அதே கல்லில் இருக்கிற மனிசன். மணல் திட்டு திரும்பவும் குறுக்கே வளர்ந்து கால்வாயை மூடியிருந்தது. மணம் தாங்க முடியவில்லை.

"டீச்சர், மழைக்கு முன்னுக்கு வந்து வெட்டுவாங்க. வெட்டினா கடல் உள்ளுக்கு வரும், தண்ணி பளிங்குதான். பொறவு கடலே மண்ணப் போட்டு மூடும். அப்ப மூக்கப் பொத்த வேண்டியதுதான்."

"பிள்ளைகள் வீடு வீடாப் போனதால ஒண்டும் நடக்கேல்லையா?" என்று கேட்டேன்.

"அது எனக்குத் தெரியாதே டீச்சர். நான் மீனத்தானே பாக்கிறேன்."

எவ்வளவு கடல், எவ்வளவு பிள்ளைகள்? பாதிக்குப் பாதியா? ஒன்றுமே இல்லையா? பிரித்துப் பார்க்க வழி தெரியவில்லை. விஞ்ஞானம் படிப்பிக்கிறன் எண்டு பேர்.

செப்டம்பர் 2, செவ்வாய்

அதிபரிடம் சொன்னேன். கதவைச் சாத்தினார்.

"பிள்ளைகள் வெயிலுக்க நடந்தது பொய்யா ரூபிகா?"

"இல்லை மிஸ்."

"எண்கள் பொய்யா?"

"இல்லை."

"பிறகென்ன? மண்ணைப் பற்றி ஆர் கேட்டது? நல்லது ஒண்டு நடந்தா அதைக் கிண்டிக் கிளறாதேங்கோ. இந்தப் பள்ளிக்கூடத்தின்ர பேர் எப்ப பேப்பரில வந்தது சொல்லுங்கோ பாப்பம்?"

தலையை ஆட்டிவிட்டு வந்தேன். எதற்கு ஆட்டினேன் என்று எனக்கே தெரியாது.

செப்டம்பர் 3, புதன்

கோப்பை அனுப்பிய பிறகு ஒரு மாதமாக நாங்கள் கால்வாய்ப் பக்கமே போகவில்லை. இன்றைக்கு நடுவர் வருகைக்கு ஒத்திகை என்று போனோம். பதினேழு சென்ரிமீற்றர்.

பிள்ளைகள் குழாயைக் கழுவித் திரும்ப ஊற்றினார்கள். பதினேழு.

"மிஸ், ஆரோ திரும்பக் கொட்டுறாங்க!" என்று ரிஸ்கான் கத்தினான். நான் சொல்லியிருக்க வேண்டும். அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். "நேரமாகுது, வாங்கோ" என்று கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

செப்டம்பர் 5, வெள்ளி

அழகர் பள்ளிக்கூட வாசலில் நின்றார். கால்வாய் ஒழுங்கையில் வடைக்கடை வைத்திருக்கிறவர். மே மாதம் பிள்ளைகள் சொன்னதைக் கேட்டு முதல் ஆளாகத் தலையாட்டியவர். கையில் ஒரு பெரிய எண்ணெய்க் கேன்.

"இந்தா பாருங்க டீச்சர். மே மாசத்துல இருந்து ஒரு சொட்டு கான்ல ஊத்தல. புடிச்சு வச்சு, சவுக்காரம் காய்ச்சுற ஆளுக்குக் குடுக்கிறேன். நேத்து ஒங்க புள்ளைங்க ஆறு பேர் வந்து, சாப்பிடுற ஆளுங்களுக்கு முன்னால 'நீங்கதான் கள்ளத்தனமா ஊத்துறீங்க'ன்னு கத்துதுங்க. எனக்குச் சோறு எறங்கல டீச்சர்."

கேனின் மூடியைத் திறந்து பார்த்தேன். கேனுக்குள் எண்ணெய் கறுப்பாக நிறைந்திருந்தது. நாங்கள் செய்ததில் உண்மையாக நடந்த ஒரே காரியம் அதுதான். அது எந்த வரைபடத்திலும் இல்லை. செய்த மனிசனையே என்ர பிள்ளைகள் கள்ளன் எண்டுட்டுதுகள். என்ர வரைபடத்தை நம்பித்தானே சொன்னதுகள்? ஐயோ, என்ன படிப்பிச்சு வச்சிருக்கிறன்!

இவரிடம் அழுதேன். பகிடி விடவில்லை. "விருதை விட்டிட்டு யோசியும், என்ன செய்வீர்?" என்று கேட்டார். விருதை விட்டுவிட்டு யோசிக்க என்னால் முடியவில்லை. அதுதான் பிரச்சினை.

செப்டம்பர் 10, புதன்

வகுப்பில் சொல்லிவிட்டேன். பெக்கோ, மணல், மே 21, மே 24, சராசரி. கரும்பலகையில் கிழமை கிழமையாக உண்மையான கோட்டைக் கீறினேன். ஏணிப்படி இல்லை, ஒரே ஒரு மதில்.

முன்வாங்குப் பிள்ளை பஹ்மா அழத் தொடங்கினாள். "அப்ப நாங்க ஒண்டுமே செய்யல்லயா மிஸ்?"

"தெரியாது" என்றேன்.

வேறு பதில் இருந்ததா? இப்பவும் யோசிக்கிறேன். "செய்தீங்கள்" என்றால் அதுவும் எனக்குத் தெரியாத ஒன்று.

பள்ளி விட்டதும் ஆறு பேரையும் அழகரிடம் கூட்டிப் போனேன். மன்னிப்புக் கேட்டார்கள். நானும் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. "சரி, போங்க" என்றார். வடை எண்ணெயில் கிடந்தது, அதைப் பார்க்கத் திரும்பிவிட்டார்.

செப்டம்பர் 12, வெள்ளி

இரண்டு நடுவர்கள். ஓர் அம்மா, வெள்ளைச் சேட்டு போட்ட ஒரு பெரியவர். அவர் முந்தி கால்வாய் வேலைகளில் இருந்த பொறியியலாளராம். அதிபர் கேக், றோல்ஸ் எல்லாம் அடுக்கி வைத்திருந்தார். ஊறிய கொப்பியை மே 21 பக்கத்தில் விரித்துக் கொடுத்து, "எங்கட வரைபடம் பிழை" என்றேன். அந்த அம்மா எழுதுவதை நிறுத்தினார். அதிபர் என்னைப் பார்க்கவே இல்லை.

பெரியவர் கொப்பியை முதலிலிருந்து கடைசிவரை வாசித்தார். நாய் நீந்தியதையும் வாசித்தார். றோல்ஸ் ஆறிப் போயிற்று.

செப்டம்பர் 19, வெள்ளி

ஒரு கிழமையாக அதிபர் என்னோடு கதைக்கவில்லை. கையொப்பப் புத்தகத்தைக்கூட வேறு ஆளிடம் கொடுத்து அனுப்புகிறார். செய்தது சரியா?

செப்டம்பர் 26, வெள்ளி

இல்லை. வேறு பள்ளிக்கூடத்துக்கு.

குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். உண்மை சொன்ன ஆளுக்கு மனது லேசாகுமெண்டு சொல்லுவினம். எனக்கு ஆகேல்லை. எனக்கு அது வேணும் எண்டிருந்தது, அவ்வளவுதான்.

ஒக்டோபர் 8, புதன்

கடைசிப் பாடத்தில் அதிபர் கதவடியில் வந்து நின்றார். இருபத்தாறு நாளுக்குப் பிறகும் முகம் இறுக்கம்தான். கைபேசியை நீட்டினார். "அந்த வெள்ளைச் சேட்டுப் பெரியவர். விருது விஷயம் இல்லையாம். பிள்ளைகளின்ர எண்கள் வேணுமாம்." கொடுத்துவிட்டுப் போகவில்லை, அங்கேயே நின்றார்.

பெரியவர் நேரே விஷயத்துக்கு வந்தார். "டீச்சர், மே இருபதில வெட்டின மண் எண்டைக்குத் திரும்ப மூடினது? வெட்டுறவையிட்டை வெட்டின திகதி இருக்குது, மூடின திகதி ஒருத்தரிட்டையும் இல்லை. எத்தனை நாள் தாங்குது எண்டு தெரிஞ்சால் அடுத்த வருசம் எப்ப வெட்டிறதெண்டு நான் அவையோட கதைக்கலாம். உங்கட கொப்பியில இருக்கும் எண்டு நினைக்கிறன்."

யூலை 30 முப்பத்தெட்டு. செப்டம்பர் 3 பதினேழு. இடையில் நான்கு புதன். அந்த நான்கு புதனும் நாங்கள் போகவில்லை, ஏனென்றால் கோப்பு அனுப்பியாகிவிட்டது. அதை அவரிடம் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. சொன்னேன். "இருக்கிறதை அனுப்புங்கோ" என்றார்.

பர்ஹா கரும்பலகையில் அட்டவணை கீறினாள். ஆகஸ்ட் மாதத்து நான்கு கட்டங்களும் வெறுமையாக நின்றன. ரிஸ்கான் எழும்பி, "மிஸ், அதுக்கு ஒரு முப்பது, இருபத்தஞ்சு எண்டு இறக்கி இறக்கிப் போடுவோமா? பாக்க வடிவா ஈக்கும்" என்றான்.

நான் வாய் திறக்க முதலே முப்பது பிள்ளைகளும் ஒன்றாகத் திரும்பி, "டேய், இரிடா!" என்று கத்தினார்கள். பஹ்மா அழிறப்பரை எடுத்து அவனுக்கு எறிந்தாள். அவன் தலையைச் சொறிந்துகொண்டு இருந்தான்.

பர்ஹா நான்கு கட்டத்திலும் 'போகல்ல' என்று எழுதினாள். அப்படியே படம் எடுத்து அனுப்பினோம்.