மூன்றாவது ஆண்டெனா

மே 4

அன்புள்ள அப்பா,

இங்கே நடப்பதை ஒன்று விடாமல், உள்ளது உள்ளபடி எழுதப் போகிறேன். செல்போன் அலை, வானத்து ரேடியோ அலைகளைப் பிடிக்கும் உங்கள் ஆண்டெனாக்களைக் குழப்பிவிடும் என்பதால் நமக்குக் கடிதம்தானே வழி. அதுவும் நல்லதுதான். போன் என்றால் அம்மா பக்கத்தில் நிற்பாள், நான் பாதியை விழுங்கிவிடுவேன்.

அம்மா நன்றாக இல்லை. "நல்லா இருக்கேன்னு எழுது" என்றாள். உங்கள் நீலச் சட்டையைத் தைப்பதும் பிரிப்பதுமாக இருக்கிறாள். நீங்கள் வரும்வரை வாசல் விளக்கை அணைக்கக் கூடாது என்று நான் சட்டம் போட்டிருக்கிறேன். முறைத்தாள். ஆனால் அணைக்கவில்லை.

பரீட்சை லீவுக்கு வருவீர்கள்தானே?

உங்கள் பூதக்கண்ணாடி

மே 13

என் பூதக்கண்ணாடிக்கு,

லீவு கிடைக்கவில்லையடா கண்ணு. போன வாரம் வானத்திலிருந்து ஒரு ரேடியோ சிக்னல், கண் இமைப்பதற்குள் வந்து போய்விட்டது. ஒற்றை ஆண்டெனாவில் பிடித்தால் எங்கிருந்து வந்தது என்று தெரியாது. தள்ளித் தள்ளி மூன்று ஆண்டெனாவாவது வேண்டும். எதற்கு முதலில் எட்டியது, எதற்குப் பிறகு என்று ஒப்பிட்டால்தான் இடத்தைக் குறிக்கலாம். அது மறுபடி வரும்போது நான் இங்கே இருக்க வேண்டாமா?

அம்மாவைப் பார்த்துக்கொள்.

அப்பா

மே 21

அன்புள்ள அப்பா,

கோபித்துக்கொள்ளாதீர்கள். என்னிடம் சிக்னலுக்காகக் காத்திருப்பதாக எழுதினீர்கள். டவுனுக்கு வந்து அம்மாவிடம் போனில் பேசியபோது, ஆண்டெனாக்கள் பழுது, அதனால் மாட்டிக்கொண்டேன் என்றீர்களாம். பழுதான ஆண்டெனாவை வைத்துக்கொண்டு எப்படிக் காத்திருப்பீர்கள்?

நேற்று காய்கறிக் கடையில் உங்களோடு வேலை பார்க்கும் சோடாபுட்டி மாமாவைப் பார்த்தேன். பழுது பார்ப்பதால் எல்லாருக்கும் ஒரு மாதம் லீவாம். "உங்கப்பாதான் நான் இங்கயே இருந்துக்கிறேன்னுட்டாரு. ஏம்மா, வீட்ல ஏதாவது..." என்று இழுத்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு வெங்காயம் பொறுக்க ஆரம்பித்தார்.

மூன்று பக்கமும் கேட்டாயிற்று அப்பா. இடத்தைக் குறித்துவிட்டேன். தப்பென்றால் எழுதுங்கள். தப்பாக இருந்தால் ரொம்ப சந்தோஷப்படுவேன்.

பூதக்கண்ணாடி

ஜூன் 2

கண்ணு,

தப்பில்லை. சிக்னல் வந்தது நிஜம். அதற்காகத்தான் இங்கே இருக்கிறேன் என்றது நிஜமில்லை. எனக்கும் அம்மாவுக்கும் சண்டை போடக்கூட எதுவும் மிச்சமில்லை. உன்னைப் பார்க்க வருவேன். தங்க வர மாட்டேன்.

அப்பா

ஜூன் 9

அப்பா,

உங்கள் கடிதத்தை அம்மாவிடம் கொடுத்தேன். நின்றுகொண்டே படித்தாள். "இதை எனக்கு எழுத முடியலயா அவருக்கு?" என்றாள். மெஷினில் உட்கார்ந்து நீலச் சட்டையைத் தைத்து முடித்தாள். இந்தத் தடவை பிரிக்கவில்லை. இத்துடன் அனுப்பியிருக்கிறேன். அளவு சரியா என்று அம்மாவுக்கே எழுதுங்கள்.

நீங்கள் என்னைப் பார்க்க வரும்போது பகலில் வாருங்கள். வாசல் விளக்கை அம்மா தொடவில்லை. சட்டம் போட்டவள் நான் என்பதால், நாற்காலி போட்டு ஏறி, நானே அணைத்துவிட்டேன்.